தீனிக்காரப் போலீசு

இல்ல அத்தான், நீங்க சொல்லுத கதையில ஒரு பெசகு உண்டு. ஜெபத்துக்கு வந்தவிய எல்லாரும் சிரிச்சாவ, நானும் கூடச் சிரிச்சேன். ஆனா அந்தத் தீனிக்காரப் போலீசு இருக்கான்லா, அவன் நானாக்கும். சிவதாணு. குளத்தூர்க்காரன். உங்களுக்கு அடையாளம் தெரியாது. மச்சுமேல ஒளிஞ்சு கெடந்து பலக இடுக்கு வழியா எனக்க உச்சந்தலயத்தானே பாத்தது. அன்னைக்கு அதுல முடியும் உண்டு.

அத்தான்னு கூப்பிட்டதுக்கு மொறைக்காதீங்க. உங்க வீட்டுக்காரிய, சுகிர்தபாய, நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். பின்னெ உங்கள என்னன்னு கூப்பிட?

அம்பத்தி நாலுல, பாறசாலைய தமிழ்நாட்டுல சேக்கணும்னு கொடி புடிச்சுட்டு நீங்க தலைமறைவாயிட்டிய. ஏட்டையா, நான், இன்னொருத்தன், மூணுபேரு உங்களத் தேடி தெனமும் இஞ்ச வருவோம். மொத நாளு வீட்டச் சோதன போடணும்னு ஏட்டு வாசல்ல நிண்ணு வெரட்டுனாரு. அக்கா என்ன சொன்னா தெரியுமா? சோதனையெல்லாம் தின்னுட்டுப் போடலாம், மரச்சீனிக் கெழங்கு ஆறிப்போவும்னா. தின்ன பொறவு எவனுக்குக் குனிஞ்சு தேட முடியும்? பதினோரு நாளு அப்பிடியே போச்சு. ஏட்டு பெல்ட்டுல புதுசா ஒரு ஓட்ட போட்டாரு.

எனக்கு மட்டும் பயறு தொவரனும் பப்படமும் தனியா வச்சிருப்பா. போதும்னா விடமாட்டா. மூணு தடவ மறிச்சாத்தான் அவளுக்க அகப்பை நிக்கும். ஏட்டு ஒருநாளு சோத்துமேல கைய விரிச்சு வச்சு மறிச்சாரு. கைமேலயே ஊத்திட்டா.

சரி, அந்தப் பன்னெண்டாம் நாளு. நீங்க சொல்லுதது உள்ளதுதான். மீன்சட்டியும் அகப்பையுமா நடுவீட்டுல நிண்ணவ, உங்களுக்கு வெளம்பின பழக்கம் பாத்துக்கிடுங்க, அப்பிடியே மச்சப் பாத்து, இஞ்ச கேட்டியளா, கொழம்பு போதுமான்னு கேட்டுட்டா. கேட்ட பொறவுதான் மொகம் வெளுத்துது. ஏட்டு மேல பாக்கதுக்குத் தலய நிமுத்தப் போனாரு. அதுக்குள்ள ஒரு போலீசு, போராதுக்கா, எனக்கு இன்னும் ஊத்துங்கன்னு பிஞ்ஞாணத்த நீட்டுனான். ஏட்டு சிரிச்சிட்டாரு, நீங்க பொழச்சிய. போலீசுக்கு மூள கெடையாது, தீனிதான்னு பதினெட்டு வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டு நடக்கிய.

அத்தான், எங்க வீடு சைவமாக்கும். மீன் வாசம் அடிச்சா எங்க அம்ம என்னய முத்தத்துலயே நிறுத்திக் குளிக்கச் சொல்லுவா. பின்னெ எதுக்கு எனக்குப் பயறு தனியா? அன்னைக்குத்தான் ஜென்மத்துல மொதத் தடவயா மீன் தின்னேன். நாலு சாளை. முள்ளெடுக்கத் தெரியாது, அப்பிடியே முழுங்கினேன். ரெண்டு நாளு தொண்ட வேதன. ஏட்டு சிரிச்சது அந்தக் கோலத்தப் பாத்தாக்கும். அக்கா சிரிக்கல.

வேலயா? போனா போட்டும்னு தோணிச்சு. உங்க போராட்டத்துக்காகன்னு நெனச்சிராதீங்க. உங்களக் கொண்டுபோனா அவ பின்ன ஆருக்கு வெளம்புவான்னு நெனச்சேன், அவ்வளவுதான்.

பொறவு வருசாவருசம் கிறிஸ்மஸுக்கு வருவேன், நீங்க இல்லாத நேரம் பாத்து. அத்தான்கிட்ட சொல்லட்டான்னு கேப்பேன். நான் சாவுத வர சொல்லப்பிடாதும்பா. அவருக்குப் பாறசாலையும் கிட்டல, போலீச ஏமாத்துன சந்தோசமாவது கெடக்கட்டும்னு சொல்லிச் சிரிப்பா.

அவள அடக்குத வர சொல்லல. இன்னைக்குச் சொல்லியாச்சு.

அழாதீங்க அத்தான், எனக்கும் வருது. எல போடச் சொல்லுங்க, எனக்குப் பயறு இருந்தாப் போதும். போதும் போதும்னு சொல்லுவேன், விட்டுராதீங்க. இந்த வீட்டுல மூணு தடவ கேக்கணும்.