உள்ளே ஆள் இல்லை

கணினி பார்ப்பவனை ஆலையில் யாருக்கும் பிடிக்காது, கடவுச்சொல் மறந்துபோகும் நாளைத் தவிர. அந்த நாள்களில் மட்டும் எனக்கு வணக்கம் கிடைக்கும். அதுவே போதும் என்றுதான் இருந்தேன்.

சாஆ ஊருக்கு வெளியே உள்ள அந்தச் செம்பனை எண்ணெய் ஆலையில் என் தம்பி லோகேஸ்வரன் எப்படி இறந்தான் என்று என் சொந்த வார்த்தையில் எழுதித் தரச் சொன்னீர்கள். இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு வேலை அதிகம், சுருக்கமாகவே எழுதுகிறேன்.

பழக் குலைகளை நீராவியில் அவிக்க ஆலையில் ஒரு பெரிய இரும்புக் கலன் உண்டு. ஆள் நிமிர்ந்து நடந்து போகலாம். அவ்வப்போது ஆலையை நிறுத்தி, ஆள்கள் உள்ளே போய்ச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். நீராவியைத் திறந்துவிடும் கணினித் திரைக்குள் நுழைய, கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மணியம் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் சேவை வெளியில் வாங்கியது. அதோடு நாம் எழுதிய நிரலையும் ஒட்டவைக்கலாம். வேண்டுமானால் போடலாம், வேண்டாமானால் அணைக்கலாம், வீட்டு விளக்கைப் போல. நான் ஒன்றை எழுதி ஒட்டினேன். கலன் வாசலில் கார்டு தட்டி உள்ளே போனவன், மறுபடி தட்டி வெளியே வரும்வரை மணியத்துக்குத் திரை திறக்காது. மணியத்துக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் ஒரே பாடம்: திரை திறந்தால் உள்ளே ஆள் இல்லை.

நல்ல காரியத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் மரியாதைதான் இதற்கும் கிடைத்தது. வெளியே வரும்போது கார்டு தட்ட மறந்து தே குடிக்கப் போய்விடுவார்கள், திரை திறக்காது, ஆலை நிற்கும், திட்டு எனக்கு வரும். சுத்தம் செய்யும் குழுவில் அய்யாவு என்று ஒருவன். நான் கேண்டீனுக்குள் நுழைந்தாலே ஆரம்பிப்பான். “டேய், ஒண்ணுக்குப் போனாலும் கார்டு தட்டிட்டுப் போங்கடா. இல்லாட்டி லெட்சுமணன் அண்ணனுக்கு வயித்தக் கலக்கிரும்.” அதே குழுவில் இருந்த என் தம்பியும் சேர்ந்து சிரிப்பான். அவனை மன்னித்துவிட்டேன். யார் சிரித்தாலும் கூடச் சிரிப்பது அவன் சுபாவம்.

கடைசியில் மேனேஜர் கமலநாதன் கூப்பிட்டார். “அந்தக் கோட ஆஃப் பண்ணிருங்கலா. லோரியிலேயே பழம் அழுகிப் போவுது.” படித்த மனிதர், மனிதனைவிடப் பழம் சீக்கிரம் கெடும் என்று தெரிந்தவர். நிரலை அணைத்தேன்.

அடுத்து சுத்தம் செய்யும் நாள் வந்தபோது, திரும்பப் போட்டாயிற்றா என்று காலையில் அவரே வாட்சாப்பில் கேட்டார். போட்டாயிற்று என்று பதில் அனுப்பினேன். போடவில்லை.

இதில் கோபம் ஒன்றும் இல்லை. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும்தான் சொல்லித்தருகிறார்கள். நான் அதை ஆலைக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல நினைத்தேன். கொஞ்சம் சூடு, கொஞ்சம் கூச்சல், பிறகு மரியாதை.

எங்கள் ஆலையில் ஒருவன் முறைக்கு இன்னொருவன் வேலைக்குப் போவது வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடும். ஆபீசில் சொன்னால் ஆயிரம் கேள்வி. அதனால் மாற்றாக வருபவன் மற்றவனுடைய கார்டையே வாங்கித் தட்டுவான். அய்யாவு தீ மிதிப்பதற்காகப் பெக்கோக் ஊர்க் கோயிலில் காப்புக் கட்டியிருந்தான். அவன் முறைக்கு, அவன் கார்டோடு, என் தம்பி போனான். மற்றவர்கள் சாப்பிட வெளியே வந்துவிட, அவன் மட்டும் மிச்ச வேலையை முடிக்க உள்ளே நின்றிருக்கிறான். மணியம் கடவுச்சொல்லைக் கொடுத்தான். திரை திறந்தது. பாடத்தை நம்பி நீராவியைத் திறந்துவிட்டான். நல்ல மாணவன்.

சவப்பெட்டியை மூடியே வைக்கச் சொன்னது நான்தான். தம்பி மனைவி மலர் அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். நான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத நீங்கள் கேட்கவில்லை.

சாவு வீட்டில் அய்யாவு என் காலைப் பிடித்துக்கொண்டான். “எனக்கு வர வேண்டியது அண்ணே. என் எடத்துல அவன் போயிட்டான்.” அவனைத் தூக்கி நிறுத்தி ஆறுதல் சொன்னேன். அதற்கும் ஒரு பெருந்தன்மை வேண்டும்.

கருமாதி அன்று மலர் எனக்குச் சோறு போட்டாள். போட்டுக்கொண்டே கேட்டாள்.

“மாமா, உள்ள யாரு இருக்காங்கன்னு உங்க கம்ப்யூட்டர்லயும் தெரியுமாமே. அன்னிக்கு இவரு பேரு தெரியலையா?”

“இல்லம்மா. அய்யாவு பேருதான் இருந்திச்சி.”

அவள் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டாள்.

“அப்ப பாத்துக்கிட்டுதான் இருந்திருக்கீங்க.”

அதற்குப் பிறகுதான் அவள் உங்களிடம் வந்தாள்.

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நிரல்தான் அணைந்திருந்தது, கார்டுப் பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது; அய்யாவு பெயர் உள்ளே இருந்தது. மணியம் திரைக்குள் நுழைந்ததும் தெரிந்தது. கட்டுப்பாட்டு அறைக்குப் பேசும் போன் என் மேசையிலேயே இருந்தது.

ஆனால், தம்பியை நான் கொன்றதாக மலர் எழுதிக் கொடுத்திருப்பது சரியில்லை. அதைத் திருத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது லோகேஸ்வரன் என்று தெரிந்திருந்தால் உடனே போனை எடுத்திருப்பேன். அய்யாவு என்று நினைத்துத்தான் சும்மா இருந்தேன்.