ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்கள்

“ஒரு பக்கத்தைப் பிரிக்க எனக்கு மூணு நாளாச்சுங்க அக்கா.”

பொள்ளாச்சி பேருந்தில் முன்னிருக்கைப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பத்திர அலுவலகத்தில் பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்பவராம்.

“தண்ணி பட்டு ரெண்டு தாளு ஒட்டிக்கிச்சுங்க. படிக்க முடியலைன்னு எழுதிப்போட்டு அடுத்ததைப் பாருன்னாங்க. எனக்கு மனசு வரலீங்க.”

“கிழிஞ்சிருந்தா?”

“அந்தப் பயத்தோடயேதான் பிரிச்சேனுங்க. உள்ளே ஒரு அம்மாவோட ஊட்டுப் பத்திரம். ஆதாரம் இல்லைன்னு பங்காளிங்க கோர்ட்டுக்குப் போயிருந்தாங்களாம். அந்த நகலைக் காட்டித்தானுங்க அந்தம்மா இப்ப ஜெயிச்சிருக்காங்க.”

“உனக்கு நன்றி சொன்னாங்களா கண்ணு?”

“நான் பிரிச்சது அவுங்களுக்குத் தெரியாதுங்க.”

கிணத்துக்கடவு தாண்டியதும் அந்தப் பெண் எழுந்து நின்று, சன்னல் வழியே கை நீட்டினார்.

“அதா, அந்தப் பச்சைக் கதவு ஊடுதானுங்க அந்தம்மாவோடது!”