வாசலோர மேசை

மித்வல்லி: ...முழங்கால்னு சொன்னேனேடா. ஒரு மாசமா இந்தப் பக்கம் வராததுக்கு முழங்கால்தான்.

ஷர்காவி: எந்த முழங்கால்?

மித்வல்லி: ரெண்டும்.

ஷர்காவி: இப்ப ரோட்டைத் தாண்டி ஓடி வந்தியே, அது யாரு முழங்கால்? சரி, டொமினோ கட்டையைக் கலை.

மித்வல்லி: இரு. முப்பது வருஷமா இந்தக் காப்பிக்கடைக்குள்ள அடுப்போரம் உக்காந்தவன் நீ. அலெக்சாந்திரியா மழைக்காத்துல வாசல்ல மேசை போட்டிருக்க. கடலே மூஞ்சில அறையுது.

ஷர்காவி: உள்ள டிவில பந்தாட்டம். கத்துறானுங்க.

மித்வல்லி: முதல்ல கத்துறவனே நீதான்.

ஷர்காவி: வயசாச்சு. கலை.

மித்வல்லி: இது என்ன? டீ இல்லையா?

ஷர்காவி: சோம்புத் தண்ணி.

மித்வல்லி: நான் என்ன பிள்ளை பெத்தவளா?

ஷர்காவி: குடி. நெஞ்சுக்கு நல்லது.

மித்வல்லி: எனக்கு முழங்கால்தானே. நெஞ்சுன்னு யாரு சொன்னா?

ஷர்காவி: ...பொதுவா சொன்னேன். ஆடு.

மித்வல்லி: சரி, உன்கிட்ட மறைச்சு என்ன. முழங்கால் இல்ல. என் மக நஜ்வா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா.

ஷர்காவி: அவளுக்கு வேற வேலை இல்லையா?

மித்வல்லி: ராத்திரி இருமுறார், தூங்கறதில்ல, காரணமில்லாம அழுவுறார்னு அவளே ஒப்பிச்சா. ஒரு பொடிப்பய டாக்டர். புகை பிடிப்பீங்களான்னான். வாயில வச்சதே இல்லன்னேன். உனக்கே தெரியும்.

ஷர்காவி: தெரியும். எத்தனை தடவை என் ஹுக்கா குழாயை உன்கிட்ட நீட்டியிருக்கேன்.

மித்வல்லி: சாயங்காலம் எங்க உக்காருவீங்கன்னான். சொன்னேன். திருடனைப் பிடிச்ச மாதிரி பாத்தான். அடுத்தவன் விடுற புகையை நீங்களும்தானே குடிக்கிறீங்க, அது நெஞ்சோட நிக்காது, மனசையும் அமுக்கும்னான்.

ஷர்காவி: மனசு இருக்கிற இடம் புகைக்கு எப்படித் தெரியும்?

மித்வல்லி: நானும் விடல. பொண்டாட்டி செத்ததுக்கு அழுவுறேனா, புகைக்கு அழுவுறேனான்னு கேட்டேன். ரெண்டுக்கும் சேத்தே அழலாம்னுட்டான்.

ஷர்காவி: கெட்டிக்காரப் பயதான்.

மித்வல்லி: கடைப் பக்கமே போகக்கூடாதுன்னுட்டா மக. வீட்டோடயே உக்காந்தேன். எதிர்ல சுவரு, இந்தப் பக்கம் நான். அழுகை கூடுச்சே தவிர குறையல. அப்பாவுக்குக் கண்ணு பட்டுடுச்சுன்னு சொல்லி, தலையைச் சுத்திச் சுத்தி சாம்பிராணி போட்டா.

ஷர்காவி: புகைய விரட்டப் புகையா?

மித்வல்லி: அது ஓதின புகையாம். ஒண்ணும் செய்யாதாம்.

ஷர்காவி: சிரிக்க வைக்காதடா, இருமல் வருது.

மித்வல்லி: நீ எங்க இழுத்த, இருமல் வர?

ஷர்காவி: இழுக்கிறேனே. ஹுக்கா குடகுடங்குறது கேக்கலையா?

மித்வல்லி: கேக்குது. புகையத்தான் காணோம்.

ஷர்காவி: காத்துல போகுது.

மித்வல்லி: உன் புகையிலையோட ஆப்பிள் வாடையும் காத்துல போயிடுச்சோ?

ஷர்காவி: ...ஆடுடா. உன் முறை.

மித்வல்லி: கட்டை பொறுக்கக் குனிஞ்சியே, அப்பவே ஹுக்கா உச்சிக் கிண்ணத்துல கை வச்சுப் பாத்துட்டேன். ஜில்லுன்னு இருக்கு. தணலும் இல்ல, புகையிலையும் இல்ல.

ஷர்காவி: சாரல்ல அணைஞ்சிருக்கும்.

மித்வல்லி: அணையறதுக்கு முதல்ல பத்த வச்சிருக்கணுமே.

ஷர்காவி: ...சரி. நல்லவனாயிட்டேன்னு நினைச்சுக்காத. நீ கிளம்பினதும் உள்ள போய் ஒண்ணு பிடிப்பேன்.

மித்வல்லி: பிடி. நான் கேட்டேனா?

ஷர்காவி: குழாய் கையில இல்லாட்டி எனக்கு ஆட்டம் வராது. அதான் தண்ணி மட்டும் ஊத்திக் கொண்டா போதும்னேன். கடைக்காரன் எனக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டான்.

மித்வல்லி: அது அவனுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?

ஷர்காவி: கேளுடா. உன் மக என் வீட்டுக்கு வந்தா. அப்பா சாப்பிடறதில்ல, சுவரைப் பாத்துப் பேசுறார்னு அழுதா. உன்கிட்டச் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். சொல்லிட்டேன். அவளைத் திட்டாத.

மித்வல்லி: அவளை எதுக்குத் திட்டறேன்? அனுப்பினதே நான்தானே. எனக்காகக் குழாயை அணைச்சு வைடான்னு நானே வந்து கேட்டு, நீ முடியாதுன்னு சொல்லியிருந்தா... எனக்கு அந்தச் சுவரு மட்டும்தாண்டா மிச்சம். ம், இழு. தண்ணி சத்தமாவது கேக்கட்டும்.