பாதி ட்யூப்பைக் காணோம்

— இருநூறுதான் இருக்கு மாரீஸ்வரி. மரம் மரமா ரெண்டு தடவ எண்ணிட்டேன், கேட்டுக்க. மரத்துல கட்டச் சொல்லி தோட்டக்கலை ஆபீஸ்ல ஷீபா மேடம் குடுத்தது நானூறு ட்யூப்பு. மிச்சம் எங்க?

— மொதல்ல உக்காந்து காப்பியக் குடிங்க. கொய்யாவப் பறிச்சு அனுப்பியாச்சு, இப்பப் போயி எண்ணிக்கிட்டு.

— சட்டைய எடு. கூடலூர் ஸ்டேசனுக்குப் போறேன். வேலிக்கு அங்கிட்டு இருக்கானே என் தம்பி முத்துக்கருப்பன், அவன் மேல கேசு குடுக்காம ஓயமாட்டான் இந்த முத்துராமலிங்கம்.

— அவுக எடுத்தத நீங்க பாத்தீகளா?

— வேற எவன் எடுப்பான்? தோப்பப் பிரிச்ச நாள்லருந்து எட்டு வருசமா என்னைய மொறச்சுக்கிட்டுத் திரியிறான்.

— நீங்களுந்தான் மொறைக்கிறீக.

— நான் அண்ணன், மொறைக்கலாம்.

— இருக்கட்டும். அந்த ட்யூப்புல என்னதான் இருக்கு?

— பொட்டப் பூச்சியோட வாசம், கேட்டுக்க. தோப்பு பூராம் அதே வாசம் அடிச்சா, நெசப் பொட்ட எங்கன இருக்குன்னு ஆம்பளப் பூச்சிக்குப் பிடிபடாது. சுத்திச் சுத்தியே செத்துரும். சோடி சேராட்டி முட்ட ஏது, காயில புழு ஏது?

— பாவம், ஆம்பளைக்கு அம்புட்டுத்தான் புத்தி.

— பூச்சியத்தான சொல்ற?

— வேற யாரச் சொல்றேன்.

— ரெண்டு தோப்புலயும் சேத்துக் கட்டணும், இல்லாட்டி தம்பி தோப்புப் பொட்ட வேலி தாண்டி வந்து இங்கன முட்ட வச்சிரும்னு மேடம் சொன்னாக. கேட்டனா? நானூறையும் நம்ம மரத்துலயே கட்டுன்னு உங்கிட்டச் சொல்லிட்டு ஆண்டிபட்டிக்கு மக வீட்டுக்குப் போயிட்டேன். போன வருசம் அம்புட்டுக் காயையும் வாய்க்கால்ல கொட்டுனோம். இந்த வருசம் குமுளி யாவாரி ஒரு காயக்கூட ஒதுக்கல. படிச்சவுகளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சிருக்கு.

— கொழுந்தனார் தோப்புலயும் புழு இல்லியாம்.

— பாத்தியா, திருட்டு ட்யூப்புக்குச் சாட்சியே சிக்கிருச்சு. உனக்கு யாரு சொன்னா?

— அவுக பொண்டாட்டி பவானிதான்.

— அவ கூட உனக்கென்ன பேச்சு?

— நீங்க ஆண்டிபட்டியில இருந்தப்ப இருநூற வேலிக்கு மேல அவ கையில நான்தான் குடுத்தேன். இன்னொரு தடவ புழு வந்தா மரத்த வெட்டிருவேன்னு அருவாளோட நின்னீக. அது நான் தண்ணி ஊத்தி வளத்த மரம்.

— அடிப்பாவி. அவனுக்கு இது தெரியுமா?

— தெரியாது. மேடம் குடுத்ததுன்னு மட்டும் பவானி சொல்லியிருக்கா. கொழுந்தனாரு நேத்து மேடத்தையே பாத்துக் கேட்டுருக்காக. நானூறு குடுத்தோம்னு மேடம் சொல்லிட்டாக, ரெண்டு தோப்புக்கும் சேத்துன்னு சொல்லல.

— அவன் மரத்துல இருக்குறது இருநூறுதான?

— அதத்தான் அவுகளும் எண்ணிப் பாத்துட்டாக. மிச்சத்த அண்ணன் திருடிட்டாருன்னு கேசு குடுக்க இப்பத்தான் கெளம்பிப் போறாக. இந்தாங்க சட்ட. எட்டு வருசம் கழிச்சு ரெண்டு பேரும் ஸ்டேசன் பெஞ்சுலயாச்சும் ஒண்ணா உக்காருங்க.