ஆளில்லாத ஒரு படம்

மே மாதக் கடைசியில், மழை இறங்குவதற்கு முன்னால், எங்கள் அருவங்காட்டுப் பக்கம் சாயங்கால வெளிச்சம் அருமையாக இருக்கும், சார். நீங்கள் இங்கே மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரு தடவை எங்கள் காலனியைச் சுற்றி நடந்து பாருங்கள். ஓட்டு வீடுகள், வேலியோரம் டேலியாப் பூக்கள், அதற்குக் கீழே தேயிலைச் சரிவு. எதைப் படம் எடுத்தாலும் நன்றாக வரும்.

என் பெயர் கீர்த்திவாசன். ஒரு டீ ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்தேன். தேயிலை விலை விழுந்ததும் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். கொழுந்து பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று தோட்டத்தையும் அப்படியே போட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருந்த செடியெல்லாம் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. எனக்கு மிஞ்சியது ஒரு கேமராவும் சாயங்கால நடையும்தான். மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருக்க ஏதாவது ஒன்று வேண்டும் இல்லையா?

காலனியில் எனக்கு நல்ல பெயர். யாராவது இறந்துபோனால், வீட்டில் படம் இல்லாதவர்கள் என்னிடம்தான் வருவார்கள். நடையில் எடுத்த படங்களில் அந்த முகத்தைத் தேடி, குன்னூரில் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் நானே வைத்துக் கொடுப்பேன். அழுதுகொண்டிருக்கிறவர்களை அதற்கும் அலையவிடக் கூடாது பாருங்கள்.

மனோகரன் அதே ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு போட்டவன். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். வேலை போனதும், சரிவுக்கு மேலே உள்ள சின்னப் பாலத்தின் கட்டைச்சுவரில் நாள் முழுக்க உட்கார ஆரம்பித்தான். நான் எடுக்க ஆசைப்பட்ட படம் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது. வளைந்து இறங்கும் பாதை, பச்சை, அதன்மேல் மஞ்சள் வெயில். எத்தனை தடவை எடுத்தாலும் நடுவில் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு இருப்பான்.

அன்றைக்கும் மரியாதையாகத்தான் கேட்டேன். “ஏனுங்க மனோகரன், கொஞ்சம் அக்கட்டால போய் நில்லுங்களேன்.”

“எங்கங்க சார் போறது? நீங்க கேமராவோட சுத்துறீங்க, நான் சும்மா குந்தியிருக்கேன். வேலை போனப்புறம் நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே?” என்று சிரித்தான்.

அந்தப் பேச்சுக்காக நான் எதுவும் செய்யவில்லை. அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிப் பத்திரமாகப் பையில் வைத்தேன். இரும்பு ஸ்டாண்டை மடக்கி, கனமான பக்கத்தால் அவன் காதுக்கு மேலே அடித்தேன். சிரிப்பு மாறாமலே சரிந்தான். எழுந்திருக்கப் பார்த்தபோது தாடையில் அடித்தேன். பல் தெறித்து என் சட்டையில் பட்டது. “புள்ளைங்க இருக்குங்க சார்” என்றான். வாய் உடைந்திருந்ததால் அரைகுறையாகத்தான் புரிந்தது. பேச்சு நிற்கும்வரை தலையில் அடித்தேன். காலைப் பிடித்து இழுத்துத் தேயிலைக்குள் போட்டேன். அங்கே பறிக்க யாரும் வரப்போவதில்லை. கட்டைச்சுவரைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் படத்தை எடுத்தேன். வெயில் இன்னும் மிச்சம் இருந்தது.

சில நாள் கழித்து அவன் மனைவி ராஜகுமாரி என் வீட்டுக்கு வந்தாள். “ஸ்டேஷன்ல போட்டோ கேக்குறாங்கய்யா. அவரு மொகம் தெரியுற மாதிரி ஒண்ணு குடுங்க. வேலை தேடித் திருப்பூர்ப் பக்கம் போயிருப்பாரு, கண்டுபிடிச்சிரலாம்.”

என்னிடம் அவன் படத்துக்கா பஞ்சம்? வெறும் காகிதமாகக் கொடுக்க மனம் வரவில்லை. பெரிதாக்கி, சட்டம் போட்டு, மறுநாள் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவள் கண்ணாடியை விரலால் தடவினாள்.

“பொட்டு எதுக்குய்யா வச்சீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

கை பழக்கத்தில் வைத்துவிட்டது, சார். அவள் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் விழுந்து அலறினாள். அக்கம்பக்கம் கூடிவிட்டது. அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள், அது என் சுபாவமே இல்லை. ஆத்திரக்காரன் தேயிலைக்குள் குனிந்து, மூக்கில் விரல் வைத்துப் பார்த்து, மூச்சு இருந்ததால் நிதானமாக இன்னொரு தடவை அடிப்பானா, நீங்களே சொல்லுங்கள்.