வேட்பாளரின் வேட்டி

லண்டனில், ஆர்ச்வே நிலையத்துக்குச் சற்று முன்னால் ரயில் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. என் எதிரே யாழ்ப்பாணத்தவர் இருவர். மூத்தவர் தமிழ்ப் பேப்பரை விரித்திருந்தார். இளையவர் தன் கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

“சிங்கள ஜனாதிபதி வேட்பாளர் எங்கடை கோயிலிலை வேட்டியோடை நிக்கிறார், பார். கடையிலை வாங்கின மடிப்புக்கூடக் குலையேல்லை.”

“அண்ணை, நேரம் போகுது. இண்டைக்கு என்ரை அகதி விசாரணை.”

“நெத்தியிலை திருநீறு வேறை. ஆர் நம்புறது?”

“ரெயின் எப்ப வெளிக்கிடும்?”

மூத்தவர் பேப்பரைத் தாழ்த்தி, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்தப் புதுக் கோட்டோடையே போகப்போறாய்? அகதி மாதிரித் தெரிய வேணுமெல்லே. கழட்டு.”

“குளிருது, அண்ணை.”

“குளிரட்டும். நடுங்கினா நம்புவாங்கள்.”

ரயில் அசைந்தது. இளையவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் உண்மையாவே அகதிதானே, அண்ணை?”