வருடக் கடைசியில் வைத்த பாடம்

கோலா சிலாங்கூரில் புறப்பட்ட பேருந்தில் ஒன்பது பேர்தான் இருந்தோம். என் முன்னிருக்கையில் இரண்டு ஆசிரியைகள். இளையவர்தான் ஆரம்பித்தார்.

"பிள்ளைங்களையே கேட்டுப் புவியியல் பாடத்திட்டம் போட்டேன்க்கா. தப்பாப் போச்சு."

"ஏன், பரீட்சையே வேணாம்னுட்டானுங்களா?"

"இல்லக்கா. படிவம் அஞ்சு வகுப்புல தோட்டத்துப் பிள்ள ஒண்ணு, 'நாங்க குடியிருக்கிற லயத்து வீடுங்கள உடைச்சா எங்க போறது, யாருகிட்ட என்ன கேக்கணும்னு சொல்லிக்குடுங்க டீச்சர்'னுச்சு."

"நல்ல கேள்விலா. குடியிருப்புப் பாடத்துல சேக்க வேண்டியதுதானே?"

"சேத்தேன். சுலபமான பாடம்னு வருசக் கடைசில வச்சேன். போன வாரமே லயத்த உடைச்சிட்டாங்க."

"பிள்ள?"

"ரவாங்ல சொந்தக்காரங்க வீட்ல இருக்காம். பள்ளிக்கூடத்துக்கு வர்றதில்ல."



"அந்தப் பாடத்த இப்பவே நடத்திடேன்."

"நடத்தலாம்க்கா. கேட்ட பிள்ள இல்லையே."